பழைய ஜாஸ் பதிவுகள்: ரசிகர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்விகள்

இங்கே பழைய ஜாஸ் என்று சொல்வது, தோராயமாக 1923 முதல் 1965 வரை ஒலிப்பதிவானவற்றை. வருடக்கணக்கில் கேட்டு வருபவர்களும், நண்பர் யாரோ அனுப்பிய ஒரு பாட்டில் மாட்டிக்கொண்டு புதிதாக உள்ளே வந்தவர்களும் கேட்கும் கேள்விகளைக் கலந்து போட்டிருக்கிறேன். பதில்களில் என் விருப்பு வெறுப்பு தாராளமாக உண்டு. உங்கள் பட்டியல் வேறாக இருந்தால் சண்டைக்கு வரலாம், அதுவும் இந்த இசையில் ஒரு சுகம்தான்.

முதன்முதலாகக் கேட்க ஒரே ஒரு பதிவு சொல்லுங்கள் என்றால்?

லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. 1928 ஜூன் 28 அன்று சிகாகோவில் பதிவானது. மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். எந்தத் துணையும் இல்லாமல் டிரம்பெட் மட்டும் ஒலிக்கும் அதன் தொடக்கம் பதினைந்து விநாடிகூட இருக்காது. ஜாஸில் தனி வாசிப்பு என்றால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அந்த விநாடிகள் காட்டிவிடுகின்றன. அப்புறம் மெட்டு வரும். டிராம்போன் வரும். கிளாரினெட் ஒரு வரி சொல்ல, ஆம்ஸ்ட்ராங் சொற்களே இல்லாமல் குரலால் பதில் சொல்வார். ஏர்ல் ஹைன்ஸின் பியானோ ஒரு சுற்று, அதாவது பாட்டின் அமைப்பு முழுவதும் ஒரு தடவை. கடைசியில் ஆம்ஸ்ட்ராங் மறுபடி டிரம்பெட்டை எடுத்து ஒரே ஸ்வரத்தைக் கிட்டத்தட்ட நான்கு பார் (பார் என்பது தாளத்தின் ஒரு வட்டம்) நேரம் பிடித்து நிறுத்துவார். அந்த இடத்தில் மூச்சு முட்டுவது கேட்பவருக்குத்தான்.

பாட்டை எழுதியவர் ஆம்ஸ்ட்ராங்கின் குரு கிங் ஆலிவர். அவரும் அதே ஜூன் மாதத்தில் அதைப் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், ஒருவர் எழுதிய பாட்டு இன்னொருவருடையதாக ஆவது எப்படி என்று தெரியும்.

எனக்குப் பாட்டுதான் பிடிக்கும். வாத்தியம் மட்டும் என்றால் தூக்கம் வருகிறது. என்ன செய்வது?

1956-இல் வந்த 'எல்லா அண்ட் லூயி'. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் பளிங்குக் குரலும் ஆம்ஸ்ட்ராங்கின் கரகரக் குரலும் சேர்ந்து பாடும் ஆல்பம். பின்னணியில் ஆஸ்கர் பீட்டர்சனின் பியானோவும் இன்னும் மூன்றே பேரும். யாருக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று திருப்பித் தந்ததில்லை.

அதற்கு அடுத்தபடியாக 'எல்லா இன் பெர்லின்'. 1960 பிப்ரவரி 13 அன்று நடந்த கச்சேரி. 'மாக் த நைஃப்' பாட்டின் நடுவில் எல்லாவுக்கு வரிகள் மறந்துவிடும். நிறுத்தமாட்டார். வரி மறந்துபோனதையே பாட்டாக்கி, அந்தப் பாட்டை ஏற்கெனவே பிரபலமாக்கிய பாபி டேரினையும் ஆம்ஸ்ட்ராங்கையும் பெயர் சொல்லி இழுத்து, ஆம்ஸ்ட்ராங் குரலில் மிமிக்ரியும் செய்துவிட்டுத்தான் முடிப்பார். அதற்கு கிராமி விருது கிடைத்தது. மேடையில் வரி மறந்ததற்குப் பரிசு வாங்கியவர் வேறு யாராவது இருக்கிறார்களா என்ன!

ஒரே பாட்டுக்கு நூறு பதிவு இருக்கிறது. எதைக் கேட்கச் சொல்கிறீர்கள் என்றே புரியவில்லையே?

பரிந்துரை செய்பவர்கள் செய்யும் பெரிய அநியாயம் இதுதான். 'பாடி அண்ட் சோல்' கேளுங்கள் என்று சொன்னால் ஒன்றுமே சொன்னதாகாது. ஆம்ஸ்ட்ராங் அதை 1930-இல் பதிவு செய்தார், பில்லி ஹாலிடே 1940-இல் பாடினார், ஜான் கோல்ட்ரேன் 1960-இல் சாக்ஸபோனில் வாசித்தார். எதைக் கேட்பது? கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபர் 11 அன்று நியூயார்க்கில் செய்த பதிவு என்று சொன்னால்தான் அது பரிந்துரை.

அந்தப் பதிவில் நடப்பது இதுதான். ஹாக்கின்ஸ் ஐந்து வருடம் ஐரோப்பாவில் இருந்துவிட்டு அப்போதுதான் அமெரிக்கா திரும்பியிருந்தார். முதல் சில பார்கள் மெட்டைத் தொட்டுக் காட்டுவார். அதோடு சரி. மீதி இரண்டு சுற்றும் மெட்டுக்கு அடியில் இருக்கும் கார்டுகளை (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் அடுக்குகளை) மட்டும் வைத்துக்கொண்டு டெனர் சாக்ஸபோனில் புதிதாக ஒன்றைக் கட்டிக்கொண்டே போவார். எல்லாருக்கும் தெரிந்த மெட்டு கடைசிவரை திரும்பி வராது. அப்படியும் அந்த இசைத்தட்டு அமோகமாக விற்றது.

பெயர் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு நல்ல உதாரணம் 'கோ-கோ'. டியூக் எல்லிங்டன் தன் பெரிய குழுவோடு 1940 மார்ச்சில் பதிவு செய்தது ஒன்று, சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 1945 நவம்பரில் பதிவு செய்தது இன்னொன்று. பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே யார், எப்போது, யார் யாருடன் என்ற மூன்றையும் சொல்லிப் பழகுங்கள். தேதி தெரியாவிட்டால் வருடமாவது சொல்லுங்கள்.

1920களின் பதிவுகள் ஒரே இரைச்சலாக இருக்கின்றன. பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

கொஞ்சம். ஆனால் இரைச்சல் எதனால் என்று தெரிந்தால் காது பழகிவிடும். 1923 ஏப்ரலில் கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட், இந்தியானா மாநிலத்து ரிச்மண்டில் ஜெனட் கம்பெனியின் ஸ்டூடியோவுக்குப் போனது. மைக் கிடையாது. பெரிய புனல் ஒன்றின் முன்னால் எல்லாரும் கூடி நின்று வாசிக்க வேண்டும், அந்த ஒலியின் அதிர்வே மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வழி ஒன்றே ஒன்றுதான், ஆளைப் பின்னுக்குத் தள்ளுவது. அந்தக் குழுவில் இரண்டாவது கார்னெட் (டிரம்பெட் போன்றது) வாசித்த இளைஞர் ஆம்ஸ்ட்ராங்கின் ஒலி குருவை அமுக்கிவிட்டதால், அவரை மற்றவர்களிடமிருந்து தள்ளி நிற்க வைத்தார்கள் என்று குழுவின் பியானோ கலைஞர் லில் ஹார்டின் பின்னாளில் சொன்னார். போதாக்குறைக்கு ஸ்டூடியோவை ஒட்டி ரயில் பாதை வேறு. ரயில் வந்தால் பதிவை நிறுத்த வேண்டியதுதான்.

1925-க்குப் பிறகு மின்சார முறைப் பதிவு பரவியது. அதனால் என் யோசனை, 1928-இல் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். முதலில் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', அதிலிருந்து 1927-இன் 'பொடேட்டோ ஹெட் ப்ளூஸ்', அதற்கும் பின்னால் 1923. இயர்ஃபோனை விடச் சாதாரண ஸ்பீக்கர் நல்லது. ஊசியின் கரகரப்பு அறைக் காற்றில் கொஞ்சம் கரைந்துவிடும். எந்த மறுபதிப்பு என்பதும் முக்கியம். இரைச்சலை மொத்தமாகத் துடைக்கிறேன் என்று இசையின் உயிரையும் சேர்த்துத் துடைத்த பதிப்புகள் உண்டு. ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ், ஹாட் செவன் குழுக்களின் பதிவுகளுக்கு, ஜான் ஆர். டி. டேவிஸ் ஒலியைச் சீர்செய்து ஜே.எஸ்.பி. கம்பெனி வெளியிட்ட பெட்டியைத் தேடுங்கள். இரைச்சல் கொஞ்சம் இருக்கும், டிரம்பெட்டும் இருக்கும்.

எல்லாம் ஏன் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறது?

பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் அவ்வளவுதான் பிடிக்கும். 1948-இல் எல்.பி. என்ற நீண்ட நேரத் தட்டு வந்த பிறகுதான் ஸ்டூடியோவில் கை காலை நீட்ட இடம் கிடைத்தது. ஆனால் அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். மூன்று நிமிடத்துக்குள் எல்லிங்டன் கட்டியதைப் பிறகு பலர் நாற்பது நிமிடத்திலும் கட்டவில்லை என்பது என் கட்சி.

எல்லிங்டன் பதிவுகள் கடல் மாதிரி இருக்கின்றனவே. எங்கே இறங்குவது?

1940, 1941, 1942. அந்த மூன்று வருடக் குழுவை ரசிகர்கள் பிளான்டன்-வெப்ஸ்டர் பேண்ட் என்றே அழைப்பார்கள். பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை வாசித்த ஜிம்மி பிளான்டன், டெனர் சாக்ஸபோன் வாசித்த பென் வெப்ஸ்டர் இருவரின் பெயரால். பிளான்டனுக்கு முன்னால் பாஸ் என்றால் தாளத்துக்குத் தாங்கல், அவ்வளவே. அவர் அதை மெட்டு பேச வைத்தார். காசநோயில் 23 வயதிலேயே போய்விட்டார்.

நான் கேட்கச் சொல்வது மூன்று. மேலே சொன்ன 'கோ-கோ', மூன்று நிமிடத்துக்குள் குழு படிப்படியாகக் கறுத்துக் கனத்துக்கொண்டே போகும் அழகுக்காக. 'காட்டன் டெயில்', வெப்ஸ்டரின் பாய்ச்சலுக்காக. 'கன்சர்ட்டோ ஃபார் கூட்டி', கூட்டி வில்லியம்ஸ் என்ற ஒரே டிரம்பெட் கலைஞரின் கையிலிருக்கும் அத்தனை நிறங்களையும் அளந்து தைத்த சட்டை அது. எல்லிங்டன் வாத்தியத்துக்கு எழுதவில்லை, ஆளுக்கு எழுதினார். அந்த ஆள் போய்விட்டால் அந்த நிறமும் போய்விடும். கூட்டி 1940-இலேயே பென்னி குட்மன் குழுவுக்குப் போனார்.

அடுத்து 1956 ஜூலை 7, நியூபோர்ட் ஜாஸ் விழா. அந்த நேரத்தில் எல்லிங்டன் பழைய ஆள் என்று பலர் ஓரங்கட்டியிருந்தார்கள். நள்ளிரவு நெருங்கும்போது, 1937-இல் எழுதிய இரண்டு உருப்படிகளை எடுத்தார். இரண்டுக்கும் நடுவில் டெனர் சாக்ஸபோன் கலைஞர் பால் கன்சால்வெஸை வாசிக்கவிட்டார். அவர் 27 சுற்று வாசித்தார். கூட்டம் எழுந்து ஆடியது, அமைப்பாளர்கள் பயந்துபோனார்கள், அடுத்த மாதம் 'டைம்' பத்திரிகையின் அட்டையில் எல்லிங்டன் படம்.

இதில் ஒரு வேடிக்கை. கன்சால்வெஸ் தவறான மைக்கில் வாசித்துவிட்டார், அதாவது ஆல்பம் போட்ட கம்பெனியின் மைக்கில் அல்ல, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில். போதாததற்கு, அப்போது வெளியான 'எல்லிங்டன் அட் நியூபோர்ட்' ஆல்பத்தில் பெரும் பகுதி ஸ்டூடியோவில் மறுபடி வாசித்துக் கைதட்டலை ஒட்டியது. வானொலியின் டேப் பிறகு கிடைத்து, இரண்டையும் இணைத்து 1999-இல் முழுக் கச்சேரியும் வெளிவந்தது. வாங்குவதானால் அந்தப் பதிப்பை வாங்குங்கள்.

பில்லி ஹாலிடேயின் ஆரம்பகாலப் பதிவுகளா, கடைசிகாலப் பதிவுகளா?

சண்டை வரும் கேள்வி. 1958-இல் பதிவான 'லேடி இன் சாட்டின்' ஆல்பத்தில் குரல் உடைந்து கிடக்கிறது, அந்த உடைசலில்தான் உண்மை இருக்கிறது என்பார்கள் ஒரு கட்சியினர். எனக்கு 1937. 'எ செயில்போட் இன் த மூன்லைட்' சாதாரண சினிமாத்தனமான பாட்டு. பில்லி அதை ஒரு மயிரிழை பிந்திப் பாட, பின்னால் லெஸ்டர் யங்கின் சாக்ஸபோன் அவர் விட்ட இடத்தை எல்லாம் நிரப்பிக்கொண்டே வரும். இருவரில் யார் பாடுகிறார்கள், யார் வாசிக்கிறார்கள் என்றே குழம்பிப்போகும்.

'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' தனி. அமெரிக்கத் தெற்கில் கறுப்பர்களை மரத்தில் தூக்கிலிட்டுக் கொன்றதைப் பற்றிய பாட்டு. ஏபெல் மீரோபோல் எழுதியது. பில்லியின் கம்பெனியான கொலம்பியா அதைப் பதிவு செய்ய விரும்பவில்லை, அதனால் கமடோர் என்ற சிறிய கம்பெனிக்காக 1939 ஏப்ரல் 20 அன்று பாடினார். அதைப் பின்னணி இசையாக ஓடவிடாதீர்கள், விருந்தில் போடாதீர்கள்.

அந்தத் தட்டின் மறுபக்கம் 'ஃபைன் அண்ட் மெல்லோ'. 1957 டிசம்பர் 8 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் பில்லி அதை மறுபடி பாடினார். ஹாக்கின்ஸ், வெப்ஸ்டர், லெஸ்டர் யங் மூவரும் ஒரே இடத்தில். உடல் நலமில்லாத லெஸ்டர் தன் முறை வந்ததும் எழுந்து ஒரே ஒரு ப்ளூஸ் சுற்று, மெதுவாக, வாசிப்பார். பில்லியின் முகத்தைப் பாருங்கள். படச்சுருள் கிடைக்கிறது, இதை மட்டும் காதால் கேட்டால் போதாது. 1959-இல், நான்கு மாத இடைவெளியில் இருவரும் இறந்துபோனார்கள்.

பீபாப் என்றால் வேகம்தானா? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வேகமும்தான். 1940களில் பார்க்கரும் அவர் கூட்டாளிகளும் உருவாக்கிய புது வகை ஜாஸ் அது. பார்க்கரின் 'கோ-கோ'வை முதல் தடவை கேட்டுப் பிடிபட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு குறுக்கு வழி இருக்கிறது. ரே நோபிள் எழுதிய 'செரோக்கி' என்ற பாட்டின் ஏதாவது நிதானமான பதிவைக் கேட்டு, மெட்டு மனதில் நிற்கும்வரை முணுமுணுங்கள். 'கோ-கோ' அந்தப் பாட்டின் கார்டுகள்மேல்தான் ஓடுகிறது. பார்க்கர் வாசிக்கும்போது நீங்கள் மனதுக்குள் 'செரோக்கி'யைப் பாடிக்கொண்டே போனால், அவர் எங்கே திரும்புகிறார் என்பது தெரியத் தொடங்கும். அந்த அமர்வின் முதல் முயற்சியும் வெளிவந்திருக்கிறது. அதில் 'செரோக்கி'யின் மெட்டையே எடுக்கத் தொடங்கி, சட்டென்று நிறுத்திவிடுவார்கள்.

இந்த இசை திடீரென்று வானத்திலிருந்து குதித்தது போல் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவை நிறுத்திவைத்தது. கொலம்பியா, விக்டர் என்ற பெரிய கம்பெனிகள் 1944 நவம்பரில்தான் சங்கத்தோடு ஒப்பந்தத்துக்கு வந்தன. பீபாப் குழந்தையாக இருந்த அந்த வருடங்களின் பதிவுகள் மிகக் குறைவு. நமக்குக் கிடைப்பது நேராக ஓடுகிற பிள்ளைதான்.

பீபாப்பின் பெரிய தலைகள் ஐந்து பேர் ஒரே மேடையில் வேண்டுமானால் 1953 மே 15, டொரான்டோ, மாசி ஹால். பார்க்கர், டிரம்பெட்டில் டிஸ்ஸி கில்லெஸ்பி, பியானோவில் பட் பவல், பாஸில் சார்லஸ் மிங்கஸ், டிரம்ஸில் மேக்ஸ் ரோச். அன்றிரவு பார்க்கர் வாசித்தது பிளாஸ்டிக் சாக்ஸபோன். ஒப்பந்தச் சிக்கலால் ஆல்பத்தில் அவர் பெயர் சார்லி சான். அதே இரவில் பெரிய குத்துச்சண்டைப் போட்டி இருந்ததால் அரங்கு நிறையவில்லை.

மங்க் தப்புத் தப்பாக வாசிக்கிறாரே?

இல்லை. பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் 'ரவுண்ட் மிட்நைட்'டைத் தனியாக வாசித்துப் பார்க்கும் பதிவு ஒன்று 'தெலோனியஸ் ஹிம்செல்ஃப்' ஆல்பத்தின் மறுபதிப்பில் இருக்கிறது. 1957-இல் பதிவானது, சுமார் 22 நிமிடம். தானே எழுதிய பாட்டை நிறுத்தி, திரும்ப எடுத்து, ஒரு கார்டை மாற்றி, மறுபடி நிறுத்தி வாசித்துக்கொண்டே போகிறார். தப்பு என்று நாம் நினைக்கும் ஒவ்வொரு ஸ்வரமும் பொறுக்கி வைத்தது என்று அதைக் கேட்டால் தெரியும். அப்புறம் 1957 நவம்பர் 29 அன்று கார்னெகி ஹாலில் கோல்ட்ரேனோடு வாசித்தது. அந்த டேப் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் யாரும் கவனிக்காமல் கிடந்து 2005-இல் கண்ணில் பட்டது.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தை எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். உண்மையிலேயே அவ்வளவு பெரிதா?

ஆமாம். புகழ்ந்தே அதை அலுக்க வைத்துவிட்டார்கள், அது ஆல்பத்தின் குற்றமில்லை. 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாள் அமர்வு. இடம் நியூயார்க் 30-ஆம் தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கொலம்பியா ஸ்டூடியோ. மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட், கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் சாக்ஸபோன், பால் சேம்பர்ஸ் பாஸ், ஜிம்மி காப் டிரம்ஸ். பியானோவில் பில் எவன்ஸ், 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்' ஒன்றில் மட்டும் வின்டன் கெல்லி. அப்போது குழுவின் நிரந்தரப் பியானோ கலைஞர் கெல்லிதான். விலகிப்போயிருந்த எவன்ஸை இதற்காகவே மைல்ஸ் திரும்பக் கூப்பிட்டார்.

கேட்கும்போது ஆட்களைப் பிரித்துக் கேளுங்கள். 'சோ வாட்'டில் மைல்ஸ் இடைவெளிகளால் வாசிப்பார், அடுத்து வரும் கோல்ட்ரேன் இடைவெளியே விடமாட்டார், அதற்கடுத்து ஆடர்லி சிரித்துக்கொண்டே நுழைவார். ஒரே தாளம், ஒரே கட்டமைப்பு, மூன்று சுபாவம். கடைசியில் 'ஃபிளமென்கோ ஸ்கெட்சஸ்'. அதற்கு மட்டும் முழுமையான மாற்றுப் பதிவு ஒன்று மிஞ்சியிருக்கிறது. எது நல்லது என்று கேட்டால் வெளியான பதிவுதான், ஆனால் மைல்ஸ் அதே பாதையில் வேறு விதமாக நடப்பதைக் கேட்க மாற்றுப் பதிவும் வேண்டும்.

இன்னொரு விஷயம். முதல் பக்கம் பதிவான அன்று டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அதனால் எல்.பி.யில் அந்தப் பக்கத்து மூன்று பாட்டும் கொஞ்சம் வேகமாக, சுருதி ஏறி ஒலித்தன. 1992 மறுபதிப்பில்தான் சரி செய்தார்கள். பழைய தட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்த்த இசைக்கலைஞர்கள் தங்கள் வாத்தியத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள், பாவம்.

கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்த காதுக்கு ஒட்டுமா?

'சோ வாட்'டில் தொடங்கினால் ஒட்டும். அதன் ஸ்வரங்கள் டோரியன், அதாவது நம் கரஹரப்ரியாவின் அதே ஏழு ஸ்வரம். இரண்டு கட்டை சுருதியில் 16 பார், அப்படியே இரண்டரைக்கு ஏறி 8 பார், மறுபடி இரண்டுக்கு இறங்கி 8 பார். இந்த 32 பார்தான் ஒரு சுற்று. வாசிப்பவர் மாறினாலும் சுற்று மாறாது. ராகமாகக் கேட்டால் ஏமாற்றம்தான், கமகம் இல்லை, ராக லட்சணமும் இல்லை. சுருதி ஏறும் இடத்தைக் காது பிடித்துவிட்டால் மீதி தானாக வரும்.

நேரடித் தொடர்பு வேண்டுமானால் சார்லி மரியானோவைச் சொல்ல வேண்டும். பாஸ்டனில் பிறந்தவர். மிங்கஸின் 1963 ஆல்பமான 'த பிளாக் செயின்ட் அண்ட் த சின்னர் லேடி'யில் ஆல்டோ சாக்ஸபோனை அழ வைத்தவர். 1960களில் மலேசியாவில் கற்பிக்கப் போன இடத்தில் நாகஸ்வரம் கேட்டு மயங்கி, பிறகு தென்னிந்தியாவுக்கு வந்து முறையாகக் கற்றுக்கொண்டார். பாஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' ஆல்பத்தில் அவருடைய நாகஸ்வரத்தைக் கேட்கலாம். முதலில் அந்த 1963 ஆல்டோவைக் கேளுங்கள், பிறகு இதை. அழுத்தி இழுக்கும் அந்தக் குணம் இரண்டிலும் ஒன்றுதான்.

கோல்ட்ரேன் 1961 நவம்பரில் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் 'இந்தியா' என்றே ஒரு உருப்படி வாசித்தார். ரவிசங்கர்மேல் இருந்த மரியாதையில் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தார். அந்த ரவி கோல்ட்ரேனும் இன்று சாக்ஸபோன் கலைஞர்.

பெரிய கலைஞர்கள் யாராவது நம் பக்கம் வந்தார்களா?

வந்தார்கள், அமெரிக்க அரசின் செலவில். டேவ் புரூபெக்கின் நால்வர் குழு 1958-இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. அதே சுற்றுப்பயணத்தில் இஸ்தான்புல் தெருவில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளம்தான் 1959-இன் 'டைம் அவுட்' ஆல்பத்தில் 'ப்ளூ ரோண்டோ'வாக வந்தது, இரண்டு இரண்டு இரண்டு மூன்று என்று எண்ணிப் பாருங்கள். அதே ஆல்பத்தின் 'டேக் ஃபைவ்' புரூபெக் எழுதியதல்ல, சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் எழுதியது.

எல்லிங்டன் 1963-இல் வந்தார். மதராஸ், கொழும்பு எல்லாம் அந்தப் பயணத்தில் உண்டு. நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டதால் பயணம் துருக்கியோடு நின்றது. அதன் விளைவாக 1966 டிசம்பரில் 'ஃபார் ஈஸ்ட் சூட்' பதிவானது. அதில் 'ப்ளூபேர்ட் ஆஃப் டெல்லி' என்ற பகுதி, எல்லிங்டனோடு சேர்ந்து இசை எழுதிய பில்லி ஸ்ட்ரேஹார்ன் தில்லியில் கேட்ட ஒரு மைனாவின் பாட்டிலிருந்து வந்தது. மைனாவாக வாசிப்பது ஜிம்மி ஹாமில்டனின் கிளாரினெட்.

கச்சேரிப் பதிவில் சிறந்தது எது?

1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட். பில் எவன்ஸ் பியானோ, ஸ்காட் லஃபாரோ பாஸ், பால் மோஷன் டிரம்ஸ். மதியமும் மாலையுமாக ஐந்து வேளை வாசித்ததிலிருந்து 'சண்டே அட் த வில்லேஜ் வேன்கார்ட்', 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்று இரண்டு ஆல்பம் வந்தன. கண்ணாடி டம்ளர்கள் இடிப்பதும் யாரோ பேசிச் சிரிப்பதும் கேட்கும். மூவரில் யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை, பாஸ் பியானோவோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருக்கும். முழுத் தொகுப்பில் 'குளோரியாஸ் ஸ்டெப்'பின் முதல் பதிவு நடுவில் அறுந்துபோகும். கரண்ட் போய்விட்டது, அவ்வளவுதான். அந்த உருப்படியை எழுதிய லஃபாரோ 11 நாள் கழித்துக் கார் விபத்தில் இறந்தார். வயது 25.

எல்லா ஆல்பத்திலும் ரூடி வான் கெல்டர் என்று ஒரு பெயர் இருக்கிறதே, யார் அவர்?

ஒலிப்பதிவாளர். பகலில் கண் பரிசோதகர். நியூஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் அப்பா அம்மா வீட்டு வரவேற்பறையில் மைக் வைத்துப் பதிவு செய்தவர். சோனி ரோலின்ஸின் 'சாக்ஸபோன் கொலாசஸ்', ஆர்ட் பிளேக்கியின் 'மோனின்' இரண்டும் அந்த அறையில் பிறந்தவை. 1959-இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்த ஸ்டூடியோ கட்டிப் போனார். 1964 டிசம்பர் 9 அன்று கோல்ட்ரேன் அங்கே 'எ லவ் சுப்ரீம்' பதிவு செய்தார். பழைய தட்டு வாங்கும்போது பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் உள்ள வழவழப்பான பகுதியைச் சாய்த்துப் பாருங்கள். அவருடைய பெயரோ முதலெழுத்துகளோ பொறித்திருந்தால் விலை ஏன் அதிகம் என்று புரியும்.

வாத்தியம் வாசித்த பெண்கள் யாரும் இல்லையா?

இருந்தார்கள், பட்டியல் போட்டவர்கள்தான் விட்டுவிட்டார்கள். ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவில் பியானோ வாசித்த லில் ஹார்டின், 'ஸ்ட்ரட்டின் வித் சம் பார்பெக்யூ'வை எழுதியவர். மேரி லூ வில்லியம்ஸ் 1930களில் ஆண்டி கர்க் குழுவுக்கு எழுதியும் வாசித்தும் அதைத் தூக்கி நிறுத்தியவர். மங்கும் பட் பவலும் யோசனை கேட்டு ஹார்லெமில் அவர் வீட்டுக்குப் போவார்கள். அவருடைய 'ஜோடியாக் சூட்', 1945, ராசிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு சிறு உருப்படிகள். டிராம்போனில் மெல்பா லிஸ்டன்.

எட்டு ஆல்பம் நான்கு சி.டி. என்று மலிவாக விற்கிறார்களே, வாங்கலாமா?

ஐரோப்பாவில் 1963-க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் போடலாம், போடுகிறார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளப் பரவாயில்லை. மூல டேப்பிலிருந்து எடுத்ததல்ல, யார் வாசித்தார்கள் என்ற விவரமும் பல நேரம் இருக்காது. மனதில் நின்ற ஆல்பத்தை மட்டும் பிறகு நல்ல பதிப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜாஸ் கேட்காத நண்பருக்கு எப்படி அனுப்புவது?

ஒன்றே ஒன்று அனுப்புங்கள். ஐந்து நிமிடத்துக்குள் இருக்கட்டும். மேதை, புரட்சி என்றெல்லாம் எழுதாதீர்கள். எந்த இடத்தில் காதை வைக்க வேண்டும் என்று ஒரு வரி போதும், 'இரண்டாவது சுற்றில் பாஸைக் கேள்' என்பது போல. பதில் வரவில்லை என்றால் இன்னும் பத்து அனுப்பாதீர்கள். 'எ லவ் சுப்ரீம்' முதல் பாடம் அல்ல. அதன் கடைசிப் பகுதியில் கோல்ட்ரேன் தான் எழுதிய பிரார்த்தனையைச் சொல்லுக்குச் சொல் சாக்ஸபோனில் ஓதுகிறார், ஆல்பத்தின் உள்ளட்டையில் அச்சான அந்தக் கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய இசை அது. நண்பர் தானாகக் கேட்டு வந்த பிறகு கொடுங்கள்.

எனக்குப் பிடித்தவர் பெயர் இங்கே இல்லையே?

இருக்காது, இடம் இவ்வளவுதான். அவசரத்துக்குச் சில: ஆர்ட் டேட்டமின் 'டைகர் ராக்', 1933, பியானோவில் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று தோன்றும், ஒருவர்தான். சிட்னி பெஷேயின் 'சம்மர்டைம்', 1939, அந்த வருடம் தொடங்கிய ப்ளூ நோட் கம்பெனியைக் காலூன்ற வைத்த தட்டு. லெஸ்டர் யங்கின் 'லெஸ்டர் லீப்ஸ் இன்', அதே 1939. கிளிஃபர்ட் பிரவுனின் 'ஜாய் ஸ்பிரிங்', 1954. வெஸ் மான்ட்கோமரியின் 'த இன்க்ரெடிபிள் ஜாஸ் கிடார்', 1960. பாரிஸில் 1937-இல் பதிவான ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் 'மைனர் ஸ்விங்', கூட ஸ்டெஃபான் கிரப்பெல்லியின் வயலின். ஜாங்கோவின் இடது கையில் இரண்டு விரல்கள் தீ விபத்தில் முடங்கியிருந்தன, அதைச் சொல்லாமலே முதலில் கேட்கக் கொடுங்கள்.